கொள்முதல் மேலாண்மையில் முதுநிலைப் படிப்பு

ஓர் அரசோ நிறுவனமோ தனக்குத் தேவையான பொருள்களையும் பணிகளையும் வெளியாரிடமிருந்து முறையாகப் பெறுவதைப் பற்றிய துறை கொள்முதல் மேலாண்மை ஆகும். இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் இத்துறையில் முதுநிலைப் பட்டம் பெறலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இது 'புரொக்யூர்மென்ட் அண்ட் அக்விசிஷன்ஸ் மேனேஜ்மென்ட்' என்ற பெயரில் கற்பிக்கப்படுகிறது.

பெயரும் பொருளும்

கொள்முதல் என்றதும் நம் ஊரில் நெல் கொள்முதல் நிலையம்தான் நினைவுக்கு வரும். இங்கே அச்சொல்லின் பரப்பு பெரிது. பள்ளிக்கு மேசை வாங்குவது, மருத்துவமனைக்கு மருந்து வாங்குவது, பாலம் கட்ட ஒப்பந்தம் விடுவது, துப்புரவுப் பணிக்கு ஆள் அமர்த்துவது ஆகிய அனைத்தும் கொள்முதலே.

'அக்விசிஷன்' என்ற சொல் குழப்பம் தரக்கூடியது. வணிகச் செய்திகளில் அது ஒரு நிறுவனத்தை மற்றொன்று விலைக்கு வாங்குவதைக் குறிக்கும். நில எடுப்புக்கும் அச்சொல் உண்டு. இந்தப் படிப்பில் அதற்கு வேறு பொருள்: தேவையை உணர்வது முதல், வடிவமைத்து, வாங்கி, பயன்படுத்தி, கழித்துக்கட்டுவது வரையிலான முழுப் பயணம். விலை பேசி வாங்குவது அந்தப் பயணத்தில் ஒரு கட்டம் மட்டுமே.

தோற்றம்

வாங்குவோருக்கான சங்கங்கள் முதலில் தோன்றின. அமெரிக்காவில் 1915இல் தொடங்கிய கொள்முதல் முகவர் சங்கமே இன்றைய விநியோக மேலாண்மை நிறுவனம். பிரிட்டனில் 1932இல் தோன்றிய இத்தகைய அமைப்பு 1992இல் அரச பட்டயம் பெற்றது.

அமெரிக்க அரசுத் துறைகளுக்கான கூட்டாட்சிக் கொள்முதல் ஒழுங்குவிதிகள் 1984இல் நடைமுறைக்கு வந்தன. அதே காலத்தில் பாதுகாப்புத் துறை ஒரு சுத்தியலுக்கு 435 டாலர் கொடுத்தது என்ற செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. நிறுவனத்தின் பொதுச் செலவை ஓர் ஆணையில் இருந்த உருப்படிகள் எல்லாவற்றுக்கும் சமமாகப் பிரித்துப் போட்டதால் சுத்தியலின் கணக்கு விலை அப்படி ஏறியது என்று பின்னர் விளக்கப்பட்டது. ஏமாற்று எது, கணக்கு முறையின் விளைவு எது என்று பிரித்தறியவே பயிற்சி வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

டேவிட் பேக்கர்டு தலைமையிலான குழு 1986இல் அளித்த அறிக்கை, பாதுகாப்புக் கொள்முதலில் பணிபுரிவோருக்குப் போதிய பயிற்சி இல்லை என்று சுட்டியது. அவர்களுக்குரிய கல்வித் தகுதியையும் பயிற்சியையும் வரையறுக்கும் சட்டம் 1990இல் வந்தது. அதன்வழி உருவான பாதுகாப்புக் கொள்முதல் பல்கலைக்கழகம் விர்ஜீனியாவின் ஃபோர்ட் பெல்வாரைத் தலைமையிடமாகக் கொண்டது. பெயரில் பல்கலைக்கழகம் என்றிருந்தாலும் அது பணியிலிருப்போருக்குப் பயிற்சி அளிக்கும் அமைப்பே, பட்டம் வழங்குவதில்லை. பட்டம் வேண்டுவோர் பிற பல்கலைக்கழகங்களை நாட வேண்டும்.

என்ன கற்பிக்கிறார்கள்?

அமெரிக்காவில் இம்முதுநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 30 முதல் 36 வரை பாட அலகுகள் இருக்கும். பணிபுரிந்துகொண்டே மாலை வகுப்பிலோ இணையவழியிலோ படிப்பவர்கள் பலர். பாடங்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

1. தேவையைத் தெளிவாக எழுதுதல்: என்ன வேண்டும், எத்தனை, எந்தத் தரத்தில், எப்போது.
2. ஒப்பந்தச் சட்டம்: எப்போது உடன்பாடு பிறக்கிறது, மீறினால் தீர்வு என்ன.
3. விலை ஆய்வும் செலவு ஆய்வும்: சந்தை விலையோடு ஒப்பிடுவது முன்னது, பொருளை ஆக்க எவ்வளவு செலவாகும் என்று பகுத்துப் பார்ப்பது பின்னது.
4. பேரம்: இருதரப்பும் நிறைவேற்றக்கூடிய உடன்பாட்டுக்கு வருதல்.
5. ஒப்பந்த நிர்வாகம்: ஆணை கொடுத்த பிறகு தரத்தையும் காலக்கெடுவையும் கண்காணித்தல்.
6. நெறிமுறை: வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே இருக்கக்கூடாத உறவுகள்.

ஒரு சிறு கணக்கு

ஒரு பள்ளி குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்குவதாகக் கொள்வோம். முதல் இயந்திரத்தின் விலை 40,000 ரூபாய். ஆண்டுப் பராமரிப்பு 15,000 ரூபாய். இரண்டாவதன் விலை 60,000 ரூபாய். பராமரிப்பு 8,000 ரூபாய். விலையை மட்டும் பார்த்தால் முதலாவது மலிவு. ஐந்து ஆண்டுக் கணக்கில் முதலாவதற்கு ஆகும் செலவு 1,15,000 ரூபாய். இரண்டாவதற்கு 1,00,000 ரூபாய். வாழ்நாள் செலவுக் கணக்கு என்பது இதுதான்.

கணக்கு இவ்வளவு எளிதென்றால் இதற்கு ஏன் ஒரு பட்டம் என்று கேட்கலாம். சிக்கல் அடுத்த படியில் உள்ளது. குறைந்த விலைக்கே ஆணை என்று அறிவித்துவிட்டு, விலைப்புள்ளிகளைத் திறந்த பிறகு "பராமரிப்பையும் சேர்த்தால் இரண்டாவதே நல்லது" என்று மாற்ற முடியாது. மாற்றினால் அது நல்ல எண்ணத்தில் செய்ததா, வேண்டியவருக்காகச் செய்ததா என்று எவராலும் சொல்ல இயலாது. ஆகவே எந்த அளவுகோலால் அளக்கப் போகிறோம் என்பதை ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே எழுதி வெளியிட வேண்டும். தேர்வு முடிந்த பின் மதிப்பெண் முறையை மாற்றக்கூடாது அல்லவா? இந்தப் படிப்பின் சாரத்தை இந்த ஒரு விதியில் அடக்கிவிடலாம்.

தமிழ்நாட்டில் ஒரு சான்று

முன்கூட்டியே எழுதிய விதி என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் சான்றாகும். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவதற்காக 1994இல் அமைக்கப்பட்ட இக்கழகம் 1995இல் மருந்து வழங்கத் தொடங்கியது. விண்ணப்பிப்போரின் தொழில்நுட்பத் தகுதி ஓர் உறையிலும் விலை மற்றோர் உறையிலும் பெறப்படும். தகுதி பெற்றவரின் விலையுறை மட்டுமே திறக்கப்படும். வந்து சேரும் மருந்தின் மாதிரிகள், தயாரித்தவர் யார் என்று தெரியாதபடி ஆய்வகங்களுக்கு அனுப்பப்படும். மருத்துவமனைகள் தமக்கு ஒதுக்கிய தொகைக்குள் கணக்குப் புத்தகம் மூலம் மாவட்டக் கிடங்குகளில் மருந்து பெறும். கேரளமும் ராஜஸ்தானும் இதை முன்மாதிரியாகக் கொண்டு கழகங்கள் அமைத்தன.

இங்கே கொள்முதல் தவறினால் இழப்பது பணம் மட்டுமன்று. மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்பவர் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். அல்லது வீரியமில்லாத மாத்திரையை வாங்கிச் செல்வார்.

மாநில அரசுக் கொள்முதல்களைப் பொதுவாக நெறிப்படுத்துவது 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும் ஆகும். மத்திய அரசில் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் உள்ளன. 2016இல் தொடங்கிய அரசு இணையச் சந்தை வழியாகவும் அரசுத் துறைகள் வாங்குகின்றன.

சேரும் முன் கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் இத்துறையைக் கற்க விரும்புவோர் பெரும்பாலும் வணிக மேலாண்மை முதுநிலைப் படிப்பில் விநியோகச் சங்கிலி மேலாண்மையைச் சிறப்புப் பாடமாக எடுக்கின்றனர். இந்தியப் பொருள் மேலாண்மை நிறுவனம் முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது.

பட்டம், பட்டயம், தொழிற்சங்கச் சான்றிதழ் ஆகிய மூன்றும் வேறு வேறு. வெளிநாட்டில் படிக்கக் கடன் வாங்க எண்ணுவோர் பாடத்திட்டத்தை முதலில் வாங்கிப் படிக்க வேண்டும். அதில் அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளே பெரும்பகுதி என்றால், அவை இந்திய அலுவலகத்துக்கு நேரடியாகப் பயன்படா. அந்நாட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தப் பணிகள் பலவற்றுக்குக் குடியுரிமை தேவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒப்பந்தச் சட்டம், செலவு ஆய்வு, பேரம் ஆகியவை எந்த நாட்டிலும் கைகொடுக்கும். ஆகவே பாடத்திட்டத்தில் இம்மூன்றுக்கும் எவ்வளவு இடம் தரப்பட்டுள்ளது என்று பார்த்துத் தேர்வு செய்வது நல்லது.