வெட்டி எறியவே வார்ப்பது

‘உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்தார்கள் என்கிறார்கள். உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றினால் முடிந்தது. இதில் திட்டம் போட என்ன இருக்கிறது?’ என்று தக்கலை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஊற்றுவது சில நிமிஷ வேலைதான். ஊற்றியது எங்கே முதலில் உறையும், எங்கே கடைசியாக உறையும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதில்தான் பாடு. உறைந்த பிறகு ஆறும்போது வரும் சுருக்கம் பெரிய தொல்லை இல்லை. மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்துவிடலாம். வார்ப்பிரும்புக்கு நூற்றில் ஒரு பங்கு போதும். உறையும்போதே வரும் சுருக்கம்தான் வில்லங்கம். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைந்த தேங்காயெண்ணெயைப் பாருங்கள்: ஓரம் முதலில் கட்டியாகி, நடுவில் குழி விழுந்திருக்கும். அப்படியொரு குழி பீரங்கியின் அடிப்பக்கத்தில் ஒளிந்திருந்தால், குண்டு எதிரியிடம் போகுமுன் பீரங்கியே வெடித்துவிடும்.

இதற்கு வார்ப்புக்காரர்கள் கண்ட வழி எனக்கு அலுக்காத விஷயம். கோயம்புத்தூர் பட்டறைகளில் அதை ரைசர் என்பார்கள். பொருளோடு ஒட்டி, பொருளுக்கு வேண்டாத ஒரு கட்டியையும் சேர்த்தே வார்ப்பது. பொருள் உறைந்து முடியும்வரை அந்தக் கட்டி உருகிய நிலையில் இருந்து, சுருங்கும் இடத்துக்கெல்லாம் உலோகம் கொடுக்கும். குழி முழுவதையும் தானே வாங்கிக்கொள்ளும். பிறகு அறுத்து உலைக்கே திருப்பிவிடுவார்கள். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பீரங்கியை வாய் மேலே இருக்கும்படி நிறுத்தி, வாய்க்கு மேலும் பல அடி உயரம் உலோகம் ஊற்றினார்கள். அந்தப் பாரம் மருந்து வெடிக்கும் அடிப்பக்கத்தை இறுக்கியது. கசடும் காற்றுக் குமிழும் மேலேறி, அறுபடும் தலைக்குப் போயின.

ரைசர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? 1940இல் க்வோரினவ் என்ற பொறியாளர் விதி சொன்னார்: கன அளவைப் புறப்பரப்பால் வகுத்து வரும் எண் இரட்டித்தால், உறையும் நேரம் நான்கு மடங்காகும். ஆகவே ரைசர் நெட்டையாக, ஒல்லியாக இருந்து பயனில்லை. குட்டையாக, தடியாக இருக்க வேண்டும். பொருளோடு அதைச் சேர்க்கும் கழுத்தும் முந்தி உறைந்துவிடக் கூடாது. உறைந்தால் வழி அடைபட்டுவிடும், மேலே எவ்வளவு உலோகம் நின்றாலும் வீண்.

‘அறுத்துப் போடுகிறதுக்கு நான் ஏன் காசு தரணும்?’ என்று எடைக் கணக்குப் பேசும் வாடிக்கையாளர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்காக ரைசரைச் சுருக்கும் பட்டறையில் பம்பு உடல் வாங்கினால் ஒழுகத்தான் செய்யும்.

1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, மார்த்தாண்ட வர்மாவின் தளபதியாகவே மாறிய டிலனாயின் மேற்பார்வையில் நடந்தது உதயகிரி வார்ப்பாலை. இன்று கோட்டைக்குள் வருகிறவர்கள் மானையும் மயிலையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆசிரியர்கள், டிலனாயின் கல்லறையைக் காட்டிய கையோடு இங்கே உலை எரிந்ததையும், பீரங்கி எப்படி வார்க்கப்படும் என்பதையும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.