தொடர்ப்படைப்பும் சுவைஞர் பிளவும்: ‘த லாஸ்ற் ஒவ் அஸ்’ விளையாட்டை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு கதையின் தொடர்ச்சி, அதன் முற்பகுதியை நேசித்தோரிடையே பிளவை உண்டாக்குவது கலையுலகிற் புதிதன்று. ஆயினும், வீடியோ விளையாட்டுகளைப் பொறுத்தவரை இப்பிளவு பெறுகின்ற கடுமை தனித்து ஆராயத்தக்கது. நாவலின் வாசகரும் திரைப்படத்தின் பார்வையாளரும் கதைமாந்தரின் செயல்களைக் கண்டு நிற்பவர்கள்; விளையாடுவோரோ அச்செயல்களைத் தம் கையாலேயே நிகழ்த்துபவர்கள். இவ்வேறுபாடு சுவைஞரின் உரிமையுணர்வை எவ்வாறு உருவாக்குகின்றது என்பதை ஒரு விளையாட்டினையும் அதன் தொடர்ச்சியினையும் கொண்டு நோக்குவோம்.

கலிபோர்னியாவிலுள்ள நோற்றி டோக் நிறுவனம் ஆக்கிய ‘த லாஸ்ற் ஒவ் அஸ்’ 2013ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளிவந்தது. மனித மூளையைப் பற்றிக்கொள்ளும் ஒரு பங்கசு நோயால் உலகம் சீரழிந்து இருபது ஆண்டுகள் கழிந்த நிலையிற் கதை நிகழ்கின்றது. நோய் பரவிய முதல் இரவிலேயே மகளை இழந்தவன் ஜோயல். அந்நோய்க்கு நிர்ப்பீடனமுடைய எல்லி என்னும் பதினான்கு வயதுச் சிறுமியை, மருந்து காண முயலும் ஒரு குழுவினரிடம் ஒப்படைக்க அவன் அமெரிக்காவின் குறுக்கே அழைத்துச் செல்கின்றான். பயணத்தின் ஊடே அவள் அவனுக்கு மகளாகிவிடுகின்றாள். மருந்து செய்ய அவளது மூளையை அகற்றவேண்டும், அவள் இறப்பாள் என்பதை இறுதியில் அறிந்த ஜோயல், சத்திரசிகிச்சை நிபுணரைக் கொன்று அவளை மீட்கின்றான். பின்னர் நடந்ததை மறைத்து அவளிடம் பொய்யும் உரைக்கின்றான். அப்பொய்யை அவள் ஏற்பதுபோலத் தோன்றும் ஒரு சொல்லோடு விளையாட்டு முடிவுறுகின்றது.

எமது கருத்தில், பிற்காலப் பிளவின் வித்து இம்முடிவிலேயே உள்ளது. ஜோயலின் செயலை ஒரு தந்தையின் அன்பாகக் கொண்டோர் பலர். உலகின் நலனையும் சிறுமியின் விருப்பத்தையும் பறித்த கொடுஞ்செயலாகக் கண்டோர் வேறு பலர். முதற்படைப்பு இவ்விரு பொருளுக்கும் இடமளித்து மௌனம் காத்தது. அதனால் இரு சாராரும் ஒரே படைப்பை நேசிப்பதாக நம்பி ஒன்றாயிருந்தனர். உண்மையில் அவர்கள் நேசித்தவை இரு வேறு கதைகள்.

நீல் ட்ரக்மன், ஹலி குரோஸ் ஆகியோர் கதை எழுதிய இரண்டாம் பாகம் 2020 யூன் 19இல் வெளிவந்தபோது அம்மௌனம் கலைந்தது. கொல்லப்பட்ட நிபுணரின் மகளான அபி, கதையின் தொடக்க மணித்தியாலங்களிலேயே எல்லியின் கண்முன் ஜோயலை அடித்துக் கொல்கின்றாள். பழிவாங்கச் சியாற்றில் நகருக்குச் செல்லும் எல்லியாக நாம் மூன்று நாட்களைக் கழிக்கின்றோம். இருவரும் மீண்டும் எதிர்ப்படும் உச்சக்கட்டத்திற் கதை நிறுத்தப்பட்டு, அதே மூன்று நாட்களை அபியாக வாழுமாறு பணிக்கப்படுகின்றோம். ஏறத்தாழ விளையாட்டின் பாதி இவ்வாறு கழிகின்றது. அதன் முடிவில் அபியை இயக்கி எல்லியையே தாக்கவேண்டியும் உள்ளது. ஜோயல் செய்ததற்கு ஒரு விலை உண்டு என்பதைத் தொடர்ச்சி இங்ஙனம் நிலைநாட்டியது. அவனை அன்பின் வடிவாகக் கொண்டோருக்கு இது தாம் நேசித்த கதையை மறுப்பதாகவே பட்டது.

ஈண்டு உருவத்தின் பங்கு முதன்மையானது. 2025இல் இக்கதையின் தொலைக்காட்சி வடிவத்திலும் ஜோயலின் மரணம் காட்டப்பட்டது. பார்த்தோர் பலர் வருந்தினர். எனினும் அங்கு எவரும் தம் விரலால் அபியை இயக்கவேண்டியிருக்கவில்லை. விளையாட்டிலோ பொத்தானை அழுத்தாவிடிற் கதை நகராது. முதற்பாகத்தில் நிபுணரைக் கொல்ல மறுக்கவும் வழியில்லை. இரண்டாம் பாகத்தில் எல்லியைத் தாக்க மறுக்கவும் வழியில்லை. இதனை ஆதரிப்போர், வெறுத்தவரின் இடத்தில் நின்று பார்க்கச் செய்வதற்கு இவ்வுருவத்தினும் வலிய கருவி இல்லை என்பர். எதிர்ப்போர், தெரிவு செய்யும் உரிமையைத் தராத படைப்பு எம்மைக் குற்றவாளியாக்குவது எவ்வாறு நியாயமாகும் என வினவுவர். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. முதற்பாகத்திலும் அவ்வுரிமை இருந்ததில்லை. ஆனால் அங்கு கட்டாயமும் பலருடைய விருப்பமும் ஒரே திசையிற் சென்றமையால் அது கட்டாயமாக உணரப்படவில்லை.

பிளவுக்குப் புறக்காரணங்களும் இருந்தன. வெளியீட்டுக்கு முன் காட்டப்பட்ட விளம்பரக் காட்சியொன்றில், விளையாட்டில் வேறொரு பாத்திரம் நிற்கும் இடத்தில் ஜோயல் நின்றான். ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணத்தை இது வளர்த்தது. 2020 ஏப்பிரலில் கதைப் பகுதிகள் கசிந்தமையால் விளையாடுமுன்பே பலர் தீர்ப்பெழுதினர். இருபது மணித்தியாலங்களுக்கும் மேல் நீளும் படைப்புக்கு வெளியான சில மணித்தியாலங்களிலேயே மிகக் குறைந்த புள்ளிகள் குவிந்தன. பெண்ணொருத்தியின் திரண்ட உடலையும், எல்லி ஒரு பெண்ணைக் காதலிப்பதையும் பொறுக்காதோரின் குரலும் அவற்றுட் கலந்திருந்தது. அபிக்குக் குரல்கொடுத்த நடிகைக்குக் கொலை மிரட்டல்கள் வந்தமை இரசிகத்தன்மையின் எல்லை மீறலாகும். மறுபுறம், முதல் மூன்று நாட்களில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. அவ்வாண்டு டிசம்பரில் ‘கேம் அவோர்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டாகவும் அது தெரிவாயிற்று.

எனவே, தொடர்ப்படைப்பு சுவைஞரைப் பிளந்தது என்பதினும், ஏற்கெனவே இருந்த பிளவை அது வெளிப்படுத்திற்று என்பதே பொருத்தமாகும். முற்படைப்பு திறந்து விட்ட பொருளைப் பிற்படைப்பு தெளிவுபடுத்தும்போது, ஒரு சாரார் தமது வாசிப்பை இழக்கின்றனர். கதையின் முடிவில் எல்லி அபியைக் கொல்லாது விடுகின்றாள். ஆயினும் அம்மோதலில் இரு விரல்களை இழந்தமையால், ஜோயல் கற்பித்த கிற்றாரை அவளால் முன்போல் மீட்ட முடியவில்லை. விளையாடுவோர் தம் விரலால் முயன்றும் இசை முழுமையுறாது நிற்கின்றது. அந்த இழப்பு எல்லியின் தெரிவுக்கு உரிய விலையா, ஆக்கியோர் எம்மீது சுமத்திய தண்டனையா என்பதிற் சுவைஞர் இன்றும் உடன்படுவதில்லை. கதைமாந்தரின் செயலைச் சுவைஞரின் கையிலே தரும் இக்கலைவடிவத்தை மதிப்பிட, வாசகனையும் பார்வையாளனையும் மட்டுமே கருத்திற்கொண்டு வகுத்த திறனாய்வு அளவுகோல்கள் போதா.