நட்டு ஏறுது... ஆனா உட்கார மாட்டேங்குதா? மர லேத் ஃபேஸ் பிளேட்டுக்கு மரை பொருத்தம் பார்ப்பது எப்படி?

ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி சுற்றுவட்டாரக் கரிசல் காட்டில் சீமைக்கருவேலத்துக்குப் பஞ்சமே இல்லை. பெரும்பாலும் விறகாகவும் கரியாகவும் போகும் இந்த மரத்தை, காயவைத்துக் கடைந்தால் கிண்ணம், தட்டு, விளக்குத் தண்டு என்று பலதும் செய்யலாம். வேம்பும் பூவரசும் அப்படித்தான். இதற்காக ஆன்லைனில் சின்ன மர லேத் வாங்குபவர்களும், பட்டறையில் சொல்லிச் செய்து வாங்குபவர்களும் உண்டு.

சிக்கல் அதற்கு அப்புறம்தான் வருகிறது. கூடுதலாக ஒரு ஃபேஸ் பிளேட் வேண்டும் என்று கடையில் ஒரு நட்டு வாங்கி, தகட்டில் வெல்டிங் வைத்து மாட்டினால், இரண்டு மூன்று சுற்று ஏறிவிட்டு நின்றுவிடும். ஏன் இப்படி?

ஃபேஸ் பிளேட் எதற்கு?

அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் போன்ற சிறிய கடைசல் பொருட்களுக்குக் கட்டையை நீளவாக்கில் பிடித்தாலே போதும். தட்டு, கிண்ணம், ஸ்டூல் பலகை மாதிரி அகலமானவற்றை அப்படிப் பிடிக்க முடியாது. கட்டையின் பின்பக்கத்தை ஒரு வட்டத் தகட்டில் ஸ்க்ரூ போட்டு இறுக்கி, அந்தத் தகட்டை லேத்தின் சுழலும் தண்டில், அதாவது ஸ்பிண்டிலில், மரை வழியாக ஏற்ற வேண்டும். அந்தத் தகடுதான் ஃபேஸ் பிளேட்.

பார்க்க வேண்டிய 3 விஷயங்கள்

பலரும் விட்டம் மட்டும் பார்த்து நட்டு வாங்கிவிடுகிறார்கள். அது போதாது.

1. விட்டம்: மரையின் வெளி விட்டத்தை வெர்னியரில் அளக்க வேண்டும். 33 மி.மீ. மரை 32.7 என்றும், 1 இன்ச் (25.4 மி.மீ.) மரை 25.2 என்றும் காட்டலாம். மரை எப்போதும் பெயரளவைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வெட்டப்படும்.

2. பிட்ச்: ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி. மில்லிமீட்டர் மரையில் இதை நேரடியாக 3, 3.5 என்று சொல்வார்கள். இன்ச் மரையில் ஒரு இன்ச்சுக்கு எத்தனை மரை என்று எண்ணுவார்கள். இன்ச்சுக்கு 8 மரை என்றால் பிட்ச் 3.175 மி.மீ.

3. கோணம்: 1841-ல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் வகுத்த பழைய இன்ச் மரைக்கு 55 டிகிரி. மில்லிமீட்டர் மரைக்கும் அமெரிக்க இன்ச் மரைக்கும் 60 டிகிரி.

கடையில் எங்கே ஏமாறுகிறோம்?

இந்தியாவில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-ல் வந்தது. ஆனாலும் நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில் இன்றைக்கும் "8 நூல் நட்டு குடுங்க" என்றுதான் கேட்கிறோம். ஒரு நூல் என்றால் 1/8 இன்ச். 8 நூல் என்றால் 1 இன்ச். இது விட்டத்தை மட்டும்தான் சொல்கிறது, மரையின் நெருக்கத்தைச் சொல்வதில்லை.

1 இன்ச் ஸ்பிண்டில் என்றால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். மர லேத்திலும் இன்ச்சுக்கு 8 மரை, கடை நட்டிலும் 8 மரை. கோணம் மட்டும் மாறலாம் என்பதால், வாங்கும் முன் மாட்டிப் பார்த்துவிட வேண்டும்.

ஒன்றேகால் இன்ச், அதாவது 10 நூல் என்றால்தான் வம்பு. மர லேத் ஸ்பிண்டிலில் இன்ச்சுக்கு 8 மரை இருக்கும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒன்றேகால் இன்ச் நட்டில் 7 மரைதான். பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் சேராது.

ஐரோப்பிய வகை லேத்துகளில் பரவலாக இருப்பது எம்33, பிட்ச் 3.5. இந்த நட்டை ஒன்றேகால் இன்ச் (31.75 மி.மீ.) ஸ்பிண்டிலில் போட்டால், லொடலொடவென்று இரண்டு சுற்று ஏறிப் பிறகு சிக்கிக்கொள்ளும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் ஸ்பிண்டில் மரையே போய்விடும். அப்புறம் தகட்டுக்கு ஆகும் செலவு போய், லேத்துக்கே செலவு வந்துவிடும்.

கேஜ் இல்லாமல் பிட்ச் அளக்கலாமா?

அளக்கலாம். மரை மேல் வெள்ளைத் தாளை அழுத்தி, பென்சிலால் தேய்த்தால் கோடுகள் பதியும். 6 கோடுகளை எடுத்துக்கொண்டு முதல் கோட்டில் இருந்து ஆறாவது கோடு வரை அளந்தால், நடுவில் 5 இடைவெளி இருக்கும்.

* 15 மி.மீ. வந்தால் பிட்ச் 3
* 15.9 வந்தால் இன்ச்சுக்கு 8 மரை
* 17.5 வந்தால் பிட்ச் 3.5
* 18.1 வந்தால் இன்ச்சுக்கு 7 மரை

எண்ண வேண்டியது இடைவெளியை, கோட்டை இல்லை. இதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

செய்வது எப்படி?

நட்டு முறை: சரியான நட்டு கிடைத்தால் 6 அல்லது 8 மி.மீ. இரும்புத் தகட்டில் வெல்டிங் வைக்கலாம். லேத்தில் மாட்டிய நிலையில் வெல்டிங் வைக்கவே கூடாது. மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும். நட்டில் துத்தநாகப் பூச்சு இருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

பட்டறை முறை: நட்டு கிடைக்காவிட்டால் கோவில்பட்டி, தூத்துக்குடியில் உள்ள லேத் பட்டறைகளில் உள்மரை வெட்டித் தரச் சொல்லலாம். வாயால் அளவு சொல்வதைவிட, லேத்தோடு வந்த ஃபேஸ் பிளேட்டையே மாதிரிக்குக் கொண்டுபோவது நல்லது. நட்டு வெல்டிங் வைத்த தகட்டின் முகத்தையும் அங்கேயே சீவி வாங்கிக்கொள்ளலாம்.

மர முறை: சிறிய வேலைக்குக் காய்ந்த கெட்டி மரத்திலேயே டேப் போட்டு மரை வெட்டலாம். துளையின் அளவு, விட்டத்தில் இருந்து பிட்ச்சைக் கழித்தால் வரும். எம்33-க்கு 29.5 மி.மீ., 1 இன்ச்சுக்கு 22.2 மி.மீ. கனமான கட்டைக்கு இந்த முறை வேண்டாம்.

மரை சரி... ஆனாலும் ஆடுகிறதா?

மரையின் வேலை இழுத்துப் பிடிப்பது. தகட்டை நேராக நிறுத்துவது ஸ்பிண்டிலின் தோள், அதாவது மரை முடியும் இடத்தில் இருக்கும் தட்டையான விளிம்பு. நட்டின் முகம் அந்தத் தோளில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். பின்னால் டார்ச் அடித்தால் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. தோளுக்குப் பக்கத்தில் மரை இல்லாத பகுதி இருந்தால், அந்த அளவுக்கு நட்டின் வாயையும் அகலப்படுத்த வேண்டும்.

கொஞ்சம் ஆட்டம் மிச்சம் இருந்தால், தகட்டில் ஒரு பிளைவுட் வட்டத்தை ஸ்க்ரூ போட்டு, அதன் முகத்தை உளியால் சீவி நேராக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு கவனம் ஏன்?

30 செ.மீ. அகலக் கட்டை நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 56 கி.மீ. வேகத்தில் போகிறது. "மரை கழண்டவன்" என்று ஊரில் கேலி பேசுவோம். ஓடுகிற லேத்தில் மரை கழன்றால், கட்டை நேராக முகத்துக்குத்தான் வரும்.

சாதாரணமாக ஓடும்போது உளியின் அழுத்தமே வலமரையை இறுக்கும். ரிவர்ஸில் ஓட்டினால் கழற்றிவிடும். அதனால் பூட்டு ஸ்க்ரூ இல்லாத தகட்டை ரிவர்ஸில் ஓட்டக் கூடாது. கட்டையைப் பிடிக்க எளிதில் ஒடியும் கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூவும் வேண்டாம்.

புதுத் தகட்டை முதலில் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு முகக் கவசம் போட்டு, பக்கவாட்டில் நின்று, குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். கடைசி வரை கையாலேயே ஏறி, தோளில் 'டக்' என்று உட்கார்ந்தால் அது சரியான மரை. முறுக்கித்தான் ஏற்ற வேண்டும் என்றால், அந்தத் தகடு உங்கள் லேத்துக்கு இல்லை.