பால்மானியின் பிழையும் பால்காரரின் பழியும்

கிராமப் பால் சேகரிப்பு நிலையங்களில் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வரும் கருவி, லாக்டோமீட்டர் எனப்படும் பால்மானி. விலை குறைந்த இக்கண்ணாடிக் கருவி காட்டும் எண்ணைக் கொண்டே, பாலில் தண்ணீர் கலந்துள்ளதா என்பது பல இடங்களில் முதலில் முடிவு செய்யப்படுகிறது. எண் குறைந்தால் பாலுக்குக் கிடைக்கும் விலை குறைகிறது. அதைக் கொணர்ந்தவரின் நாணயமும் ஐயத்துக்கு உள்ளாகிறது. ஆகவே, பாலைச் சோதிக்குமுன் கருவியைச் சோதிப்பது ஊழியரின் முதற்கடமையாகும்.

கருவியின் தத்துவம்

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை இடம்பெயர்க்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் தத்துவம். ஆகையால் பால்மானி, அடர்த்தி மிகுந்த திரவத்தில் குறைவாகவும், தண்ணீர் கலந்த பாலில் ஆழமாகவும் அமிழும். அதன் தண்டிலுள்ள 30 என்ற கோடு 1.030 என்னும் ஒப்படர்த்தியைக் குறிக்கிறது. கலப்பற்ற பசும்பால் பெரும்பாலும் 28 முதல் 30 வரையிலும், எருமைப்பால் 30 முதல் 32 வரையிலும் காட்டும்.

30 காட்டும் பால் 90 பங்குடன் தண்ணீர் 10 பங்கு சேர்ந்தால், அக்கலவை 27 காட்டும். இதைத் திருப்பிப் பார்த்தால் அபாயம் விளங்கும். கருவியே 3 கோடு குறைத்துக் காட்டுமாயின், தூய பால் கொணர்ந்தவர் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தவராகத் தோன்றுவார்.

பிழைக்குக் காரணங்கள்

மலிவான கருவிகளில் அளவுக் கோடுகள் அச்சிடப்பட்ட காகிதச் சுருள், தண்டினுள் சற்றே நழுவியிருக்கக்கூடும். தண்டு பருமனாக இருந்தால் கோடுகள் நெருங்கி அமைந்து, படிப்பது அரிதாகும். கருவியின்மேல் படிந்த கொழுப்பும் அழுக்கும் அதன் எடையைக் கூட்டி, எண்ணைக் குறைத்துக் காட்டும்.

இவை யாவற்றினும் அடிக்கடி நேர்வது வெப்பநிலைப் பிழை. கெவென் வகைப் பால்மானி 60 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது 15.5 டிகிரி செல்சியசுக்கு, அமைக்கப்பட்டது. ஜீல் வகை 84 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 29 டிகிரி செல்சியசுக்கு, உரியது. முதல் வகையைப் பயன்படுத்தும்போது, 60 டிகிரிக்கு மேற்பட்ட ஒவ்வொரு பாரன்ஹீட் டிகிரிக்கும் 0.1 கூட்ட வேண்டும். 84 டிகிரி வெப்பமுள்ள பாலில் அதனை இட்டு, திருத்தம் செய்யாது விட்டால், 2.4 குறைவாகக் காட்டும். 30 காட்ட வேண்டிய பால் 27.6 காட்டும், நூற்றுக்கு 8 பங்கு தண்ணீர் கலந்ததாகப் பழி நேரும்.

சர்க்கரைக் கரைசலால் சோதனை

ஒப்படர்த்தி காட்டும் பால்மானியைப் பள்ளித் தராசின் உதவியாலேயே சோதிக்கலாம். உலர்ந்த வெள்ளைச் சர்க்கரை 50 கிராமைத் தண்ணீர் 950 கிராமில் முற்றிலும் கரைத்தால், கருவி ஏறத்தாழ 20 காட்ட வேண்டும். சர்க்கரை 75 கிராமும் தண்ணீர் 925 கிராமும் சேர்ந்த கரைசலில் 30. சர்க்கரை 100 கிராமும் தண்ணீர் 900 கிராமும் சேர்ந்ததில் 40. கரைசல், கருவியில் குறித்த வெப்பநிலையில் இருத்தல் அவசியம். அடர்த்தியை நேரே குறிக்கும் கருவிகளுக்கு இவ்வெண்கள் பொருந்தா.

மூன்று கரைசல்களிலும் பிழை ஒரே அளவாக இருந்தால், பெரும்பாலும் காகிதம் நழுவியதே காரணம். அத்தகைய கருவியின் பெட்டியில் திருத்த எண்ணை எழுதி ஒட்டித் தொடர்ந்து பயன்படுத்தலாம். பிழை இடத்துக்கு இடம் மாறுமாயின், அக்கருவியை விலக்குவதே முறை. உயர் வகுப்பு மாணவர்களுக்கு இது பயனுள்ள செய்முறைப் பாடமுமாகும்.

எண்ணைப் படிக்கும் முறை

கறந்த உடனே பாலைச் சோதித்தல் ஆகாது. புதிய பாலின் ஒப்படர்த்தி சிறிது நேரம் சற்றுக் குறைவாகவே காணப்படும். ஒரு மணி நேரம் கழித்து, நுரை எழாதவாறு கலக்கி, உயரமான குவளையில் ஊற்றி, கருவி பக்கங்களில் படாமல் மிதக்கவிட்டு, கண்மட்டத்தில் படிக்க வேண்டும்.

பிழையற்ற பால்மானியையும் ஏய்க்க வழியுண்டு. பாலேட்டை எடுத்தால் எண் உயரும். தண்ணீர் சேர்த்தால் தாழும். இரண்டையும் செய்தால் எண் பழைய நிலைக்கே வந்துவிடும். எனவே கொழுப்புச் சோதனையும் உடன் நிகழ வேண்டும். பால்மானி ஐயத்தை எழுப்பும் கருவியே அன்றி, தீர்ப்பு வழங்கும் கருவி அன்று. இதனை உணர்ந்த ஊழியர் நேர்மையானவர்மீது வீண்பழி சுமத்தமாட்டார். கலப்படம் செய்பவரிடம் ஏமாறவுமாட்டார்.