ஆங்கில வாக்கிய ஒழுங்கும் தமிழ் மாணவரும்

போட்டிப் பரீட்சைகளுக்குத் தோற்றும் நம் மாணவருட் பலர் ஆங்கில வினாத்தாளைக் கண்ட மாத்திரத்தே அஞ்சுகின்றனர். அதிலும், பிழை திருத்துதல், சொற்களை ஒழுங்குபடுத்தி வாக்கியமாக்கல், தடுமாறிக் கிடக்கும் வாக்கியங்களைப் பந்தியாக்கல் என்பனவே அவர்க்குப் பேரச்சம் விளைப்பன. தமிழாசிரியராகிய யாம் இது பற்றி எழுதப் புகுந்தமை சிலர்க்கு வியப்பாகலாம். எம்மை இதற்குத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் தமிழ் கற்ற மாணவன் ஒருவன் ஒருநாள் மாலை எம் இல்லம் வந்தான். வகுப்பிலே தமிழில் முதன்மை பெற்றவன். நன்னூல் கூறும் எண்வகைப் பொருள்கோளையும் தடையின்றிச் சொல்ல வல்லவன். உத்தியோகத்துக்கான போட்டிப் பரீட்சையொன்றிலே ஏனைப் பாடங்களில் நன்கு விடையெழுதியும், ஆங்கிலத்தில் வேண்டிய புள்ளி பெறாமையாற் பின்தள்ளப்பட்டிருந்தான். “ஐயா, தமிழிலே சொற்களை மாற்றி வைத்தாலும் பொருள் கெடுவதில்லையே, ஆங்கிலத்தில் மட்டும் ஏன் கெடுகின்றது?” என வினவினான். அவ்வேளை எம்மால் விடை கூற இயலவில்லை. அவன் மனனஞ் செய்த வேற்றுமையியலிலேயே அவ்வினாவுக்கு விடை இருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். சூத்திரத்தை மனனஞ் செய்வித்த யாம், அதனைக் கருவியாகக் கையாளப் பயிற்றவில்லை. அக்குறை எம்முடையதே.

அவ்விடையை ஈண்டு விளக்குவாம். “நாய் பையனைக் கடித்தது” என்னும் வாக்கியத்தை நோக்குக. “பையனை நாய் கடித்தது” எனினும், “கடித்தது நாய் பையனை” எனினும் கடித்தது நாயே, கடியுண்டவன் பையனே. காரணம் யாது? ‘பையனை’ என்பதன் ஈற்றிலுள்ள ஐ என்னும் இரண்டாம் வேற்றுமையுருபு, அச்சொல் எங்குச் சென்றாலும் உடன்சென்று, அது செயப்படுபொருள் என்பதை உணர்த்துகின்றது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கோ அத்தகைய உருபு இல்லை. அம்மொழியினர் “நாய் – கடித்தது – பையன்” என்ற முறையிற் சொற்களை நிறுத்துவர். வினைக்கு முன் நிற்பது எழுவாய். பின் நிற்பது செயப்படுபொருள். இரண்டையும் இடமாற்றினாற் பையன் நாயைக் கடித்தவனாவான். எனவே, தமிழில் உருபு செய்யும் தொழிலை ஆங்கிலத்தில் இடமே செய்கின்றது. இந்த ஓருண்மையை உள்ளத்திற் பதித்துக்கொண்ட மாணவனுக்கு, சொற்களை ஒழுங்குபடுத்தும் வினாக்களிற் பாதி எளிதாகிவிடும்.

இரண்டாவதாக அறிய வேண்டியது, அடைமொழித் தொடர் நிற்கும் இடம். “நேற்று ஊரிலிருந்து வந்த பையன்” என்கின்றோம். நம் மொழியிலே பெயரெச்சமும் அதனைச் சார்ந்த சொற்களும் முன்னே வர, தலைமைச் சொல் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் இது கண்ணாடியிற் கண்ட உருவம் போலத் திரும்பிவிடும்: “பையன் – எவன் – வந்தான் – ஊரிலிருந்து – நேற்று”. தலைமைச் சொல் முதலிலே வந்துவிட, விளக்கமெல்லாம் அதன் பின்னே தொடர்கின்றது.

இவ்வேறுபாட்டை உணராமையாலேயே பிழை திருத்தும் வினாக்களில் நம் மாணவர் வழுக்கி வீழ்கின்றனர். “பெட்டியிலுள்ள மாம்பழங்களின் நிறை” என்பது தமிழில் எழுவாய்த் தொடராயின், வினையை அடுத்து நிற்பது ‘நிறை’ என்னும் ஒருமைச் சொல்லாதலால் ஐயம் எழுவதில்லை. ஆங்கிலத்தில் ‘நிறை’ முதலில் நிற்க, ‘மாம்பழங்கள்’, ‘பெட்டி’ என்பன இடையிற் புகுந்து, எழுவாயையும் வினையையும் பிரித்துவிடுகின்றன. மாணவன் இடையிலுள்ள பன்மைச் சொல்லைக் கண்டு மயங்கி, வினையையும் பன்மையாக்கிவிடுகின்றான். பரீட்சகர் வேண்டுமென்றே இத்தகைய வலையை விரிப்பதுண்டு. “எது அல்லது யார்?” என வினையை நோக்கி வினவி, எழுவாயைக் கண்டு, அதன்கீழ்க் கோடிட்டு, இடையிலுள்ளவற்றை விரலால் மறைத்துவிட்டு வாசித்துப் பார்ப்பதே அவ்வலையினின்று தப்பும் வழி.

தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் ஆகிய அனைத்தையும் விகுதியாற் காட்டும். ஆங்கில வினை, பெரும்பாலும், நிகழ்காலத்துப் படர்க்கை ஒருமையில் மாத்திரம் ஈற்றில் ஓர் எழுத்தை ஏற்று நிற்கும். வளமான விகுதிகளோடு பழகிய நாம், அந்த ஓரெழுத்தைச் சிறிதென்று எண்ணி விட்டுவிடுகின்றோம். சிறிது எனினும் புள்ளி போவது அதனாலேயே.

இனி, தடுமாறிய வாக்கியங்களைப் பந்தியாக்கும் முறையைக் காண்போம். கருத்துத் தொடர்ச்சி எம்மொழிக்கும் பொதுவாதலின், தமிழிலேயே ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றோம்.

(அ) அவ்வாறு பதிப்பித்தவற்றுட் கலித்தொகையும் ஒன்று.
(ஆ) சி. வை. தாமோதரம்பிள்ளை 1832ஆம் ஆண்டிலே சிறுப்பிட்டியிற் பிறந்தார்.
(இ) எனினும், அவர் உள்ளம் ஏட்டுச்சுவடிகளையே நாடியமையால், அவற்றைத் தேடித் திரட்டி அச்சிற் பதிப்பித்தார்.
(ஈ) அவர் சென்னைச் சருவகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராயினார்.
(உ) அப்பட்டம் அவருக்கு உயர்ந்த உத்தியோகங்களைப் பெற்றுத் தந்தது.

ஐந்து வாக்கியங்களை 120 வகையாக அடுக்கலாம். அத்தனையையும் அடுக்கிப் பார்க்கப் பரீட்சை மண்டபத்தில் நேரமேது? ஆதலின், முதலிலே பிரிக்கவொண்ணா இணைகளைத் தேடுக. ‘அப்பட்டம்’ என்னும் சுட்டு, பட்டம் பெற்ற செய்திக்குப் பின்னரே வருதல் கூடும். ஆகவே (ஈ)யும் (உ)வும் ஓர் இணை. ‘அவ்வாறு பதிப்பித்தவற்றுள்’ என்பது பதிப்பித்தமை கூறும் வாக்கியத்தின் பின்னரே வரும். ஆகவே (இ)யும் (அ)வும் மற்றோர் இணை. இவ்விரண்டையும் கண்டவுடன் 120 வகை 6 ஆகக் குறைந்துவிடும். பெரியாரின் பெயரைக் கூறும் (ஆ) முதலில் நிற்கும். ஏனையவை ‘அவர்’ எனச் சுட்டுகின்றன அல்லவா? எஞ்சுவன இரண்டே வகை. ‘எனினும்’ என்னும் சொல் அவற்றுள் ஒன்றைத் தெரிந்து தருகின்றது. உத்தியோகம் கிடைத்தும் உள்ளம் ஏட்டை நாடியது என்பதே பொருந்தும். பிறந்தும் நாடியது என்பது பொருந்தாது. எனவே விடை: ஆ, ஈ, உ, இ, அ.

ஆங்கிலப் பந்திக்கும் இதுவே முறை. பெயர் முன்னே, பதிற்பெயர் பின்னே. ‘ஒரு’ என்னும் பொருள் தரும் சொல்லோடு புதிதாக வந்த பொருள் முன்னே, ‘அந்த’ என்னும் பொருள்படச் சுட்டப்படுவது பின்னே. காரணம் முன்னே கூறப்படின் ‘ஆகவே’ பின்னே. காலக் குறிப்பு இருப்பின் அதன் வரிசை. இவையே வழிகாட்டிகள்.

பயிற்சிக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஆங்கிலப் பத்திரிகையில் ஐந்தாறு வாக்கியங்கள் கொண்ட பந்தியொன்றை நறுக்குக. வாக்கியங்களைத் தனித்தனித் துண்டாக்கி, ஓர் உறையிலிட்டு, மூன்று நாட் கழித்து எடுத்து அடுக்குக. மூலத்தின் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒவ்வோர் இணைக்கும் காரணத்தைக் கொப்பியில் எழுதுக. விடை சரியாயினும் காரணம் எழுதாது விடற்க. காரணமறியாது பெற்ற புள்ளி மறுமுறை கைகொடாது. நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஆனால் நாடோறும் வேண்டும்; பரீட்சைக்கு முதல் வாரத்தில் இரவு பகலாகப் படிப்பது பயனளியாது.

ஆங்கிலமே போதனாமொழியாயிருந்த காலத்திற் கற்ற முதியோர்க்கு இவ்விளக்கமெல்லாம் மிகையாகத் தோன்றலாம். அவர்க்கு அம்மொழி நாடோறும் செவியில் விழுந்தது. இன்றைய மாணவர் தாய்மொழியிற் கற்கின்றனர். அது அவர்க்குக் குறைவன்று, பேறு. அப்பேற்றையே படியாகக் கொண்டு ஆங்கிலத்தை அணுகுதல் தகும். தன் மொழியின் இலக்கணத்தைத் தெளிவாக உணர்ந்தவன், பிறிதொரு மொழி எவ்விடத்தில் வேறுபடுகின்றது என்பதையும் தெளிவாகக் காண்பான்.

இவ்விழாவை முன்னிட்டுக் கூடும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்திற் பயிற்சியுடையோர் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதையேனும் கல்லூரி மாணவர்க்கு ஈவாராயின், கட்டிட நிதிக்கு ஈயும் பொருளினும் அது குறைந்த கொடையாகாது.

எம் இல்லம் வந்த அம்மாணவனுக்கு, யாம் விடை தெளிந்து கூறிய காலத்தே, அப்பரீட்சைக்குரிய வயதெல்லை கடந்துவிட்டது. அமைதியாகக் கேட்டிருந்து, “இதை முன்னரே அறிந்திருப்பேனாயின்!” என்ற அளவிலே எழுந்து சென்றான். அவன் தம்பி இவ்வாண்டு எம் வகுப்பிலிருக்கின்றான். வேற்றுமையியல் படிப்பிக்கும் நாளில், கரும்பலகையின் ஒரு பாதியிலே தமிழ் வாக்கியத்தையும் மறு பாதியிலே ஆங்கில வாக்கியத்தையும் இப்பொழுது எழுதி வருகின்றோம்.