ஆபத்துதவிப் பயிற்சியும் பட்டப்படிப்பும்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1921-ஆம் ஆண்டிலே திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் நிலம், 1974-ஆம் ஆண்டிலே பல்கலைக்கழக வளாகமாகி, 1979-ஆம் ஆண்டிலே தனிப் பல்கலைக்கழகமாய் உயர்ந்த வரலாற்றை நம் பழைய மாணவர் யாவரும் அறிவர். அத்தகைய கல்விநிலையம் எதனுள்ளும் இரு வகை இளைஞரைக் காணலாம். ஒரு வகையினர் விரிவுரை மண்டபத்தில் இருந்து கற்பவர். மற்றவர் இரவெல்லாம் வாயிலிற் காவல் நிற்பவர். தீயணைக்கும் கருவியைக் கையாளவும், மயங்கி வீழ்ந்தாருக்கு முதலுதவி செய்யவும், கூட்டத்தை நெரிசலின்றி வெளியேற்றவும் பின்னவரும் பயிற்றப்பட்டிருக்கக்கூடும். அப்பயிற்சியும் கல்விதானா? கல்வியாயின், அதனைக் கல்லூரி தன் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒரு சொல்லை விளக்குதல் வேண்டும். ஆங்கிலத்திலே கிரெடிற் எனப்படுவதை யாம் இங்கே கல்வியலகு என்று வழங்குவோம். ஒரு மாணவன் ஒரு பாடத்திற் செலவிடும் உழைப்பை மணிக்கணக்கில் அளந்து, அவன் அப்பாடத்திலே தேறியபின் அவனுக்கு வரவு வைக்கும் அளவே கல்வியலகு. வகுப்பிலிருக்கும் நேரம் மட்டுமன்றி, தனியே படிக்கும் நேரமும், செய்முறைப் பயிற்சி நேரமும் அதில் அடங்கும். இலங்கைத் தகைமைச் சட்டகம் 50 மணி நேர உழைப்பை ஓரலகாகக் கொள்கின்றது. இந்தியாவின் தேசியக் கல்வியலகுச் சட்டகமோ 30 மணி நேரத்தை ஓரலகாக்குகின்றது. ஐரோப்பிய நாடுகளிலே 25 முதல் 30 மணி வரை ஓரலகாகும்.

ஆகவே அலகு என்னும் பெயர் ஒன்றாயினும் அளவு ஒன்றன்று. நெல்லுப் பரப்பும் வரகுப் பரப்பும் உறுதியிலே பரப்பு என்றே எழுதப்படினும் நிலத்திலே வேறுபடுதலை நம்மூரார் நன்கறிவர்; இதுவும் அத்தகையதே. நாளொன்றுக்கு 8 மணியாக ஆறு நாள் நடைபெறும் பயிற்சி 48 மணி கொண்டது. இலங்கைக் கணக்கில் அஃது ஓரலகுக்கும் சற்றுக் குறைவு; இந்தியக் கணக்கில் ஒன்றரை அலகுக்கு மேற்பட்டது. முழுநாட் பயிற்சியொன்றை முடித்தோம், இனி ஓராண்டுப் படிப்புக் குறைந்துவிடும் என எண்ணுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நன்று.

கல்லூரிக்கு வெளியே பெற்ற பயிற்சியைக் கல்லூரி ஏற்கும் முறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து இலட்சக்கணக்கான போர்வீரர் ஊர் திரும்பிய காலத்திலே, அவர்கள் படையிற் கற்றவற்றை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் சிக்கல் ஐக்கிய அமெரிக்காவில் எழுந்தது. அமெரிக்கக் கல்விப் பேரவை 1945-ஆம் ஆண்டு முதலாக அப்பணியை மேற்கொண்டது. பாடத்திட்டம் யாது, எத்தனை மணி நேரம், கற்பித்தவர் யாவர், தேர்வு எவ்வாறு நடந்தது என்பவற்றைக் கல்லூரி ஆசிரியர்களே ஆராய்ந்து, இப்பயிற்சிக்கு இத்தனை அலகு வழங்கலாம் எனப் பரிந்துரைப்பர். 1974-ஆம் ஆண்டிலே இம்முறை படைக்குப் புறம்பான நிறுவனங்களின் பயிற்சிகளுக்கும் விரிந்தது. மேரிலாந்து மாநிலத்து எமிற்ஸ்பேர்க் நகரிலுள்ள தேசியத் தீயணைப்புக் கழகத்திற் கற்ற தீயணைப்பாளர் பலர், அப்பயிற்சியைத் தம் கல்லூரியிற் காட்டி அலகு பெற்றனர்.

இங்கே இரண்டு நுட்பங்களை மறத்தலாகாது. ஒன்று, பேரவை பரிந்துரைக்குமேயன்றி வழங்குவதில்லை. ஏற்பதும் மறுப்பதும் அவ்வக் கல்லூரியின் உரிமை. தீயணைப்புப் பயிற்சியைத் தீயியற் படிப்புக்கு ஏற்கும் கல்லூரியே, அதனை வரலாற்றுப் படிப்புக்கு ஏலாதென்று கூறலாம். மற்றொன்று, அரசாங்கம் அங்கீகரித்த பயிற்சி என்னும் பெயர் மட்டும் போதாது. தேர்வின்றி வந்திருந்து போனதற்குக் கிடைக்கும் அத்தாட்சிப் பத்திரம் வருகைக்குச் சான்றேயன்றிக் கல்விக்குச் சான்றாகாது. அமெரிக்காவிலே 10 மணி நேரத்துக்கு ஒன்றாக வழங்கப்படும் தொடர்கல்வி அலகு என்பதொன்றும் உண்டு. அது தொழிலிலே அறிவைப் புதுப்பித்தமைக்கு அடையாளமே, பட்டத்துக்குரிய அலகன்று. பெயரொற்றுமையால் இரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர்.

அயலிலுள்ள பாரத நாட்டிலும் இவ்வழி திறந்திருக்கின்றது. 1948-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தேசிய மாணவர் படையின் பயிற்சியை விருப்பப் பாடமாகக் கற்பித்து அலகு வழங்குமாறு அந்நாட்டுப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகங்களுக்கு அறிவித்தது. மாணவன் ஈட்டிய அலகுகளைச் சேமித்து, ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்ல உதவும் கல்வியலகு வங்கியும் அதே ஆண்டில் தோன்றியது.

இனி நம் நாட்டின் நிலையை நோக்குவோம். நம் அரச பல்கலைக்கழகங்களிலே உள்வாரி மாணவராய்ப் புகுதற்கு உயர்தரப் பரீட்சைப் பெறுபேறே பொது வாயில். முதலுதவிப் பத்திரத்தையோ காவற்பணிப் பத்திரத்தையோ நீட்டி அவ்வாயிலைக் கடத்தல் இயலாது. ஆயினும் வேறோர் ஏணி உண்டு. 1990-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு நடத்தும் தேசிய தொழிற்றகைமை என்பதே அது. அவ்வேணிக்கு ஏழு படிகள். முதல் நான்கும் சான்றிதழ்ப் படிகள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் நிலைகளுக்கு இவற்றின் ஐந்தாம், ஆறாம், ஏழாம் படிகள் முறையே நிகராகும். இவ்வழியில் ஏறி வருவோர் பட்டம்வரை செல்லுதற்கென்றே, 2008-ஆம் ஆண்டின் 31-ஆம் இலக்கச் சட்டத்தினால் இரத்மலானையிலே வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பவியற் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது.

இவ்வேணியிலே நம் கருத்துக்கு மிக இன்றியமையாத பகுதி, முன்கற்றலை அங்கீகரித்தல் என்னும் முறையாகும். ஒருவர் தொழிலை எங்கே கற்றார், எத்தனை ஆண்டு வகுப்பில் இருந்தார் என்பதை இம்முறை முதன்மையாக வினவுவதில்லை. அத்தொழிலுக்கென வகுக்கப்பட்ட தேசியத் தேர்ச்சி நியமத்தை முன்வைத்து, அனுமதி பெற்ற மதிப்பீட்டாளர் வினாக்கள் வினவுவர். செய்து காட்டச் சொல்வர். விண்ணப்பதாரர் திரட்டிய சான்றுகளைப் பார்ப்பர். தேர்ச்சி உண்டெனின் தகைமை கிட்டும். சில கூறுகளிலே மட்டும் குறை காணப்படின் அவற்றைக் கற்று மீண்டும் வரலாம். உயர்தரப் பரீட்சையைத் தவறவிட்டோருக்குத் திறந்த பல்கலைக்கழகமும் ஒரு வழி காட்டுகின்றது. 1980-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அதன் பிராந்திய நிலையம் யாழ்ப்பாணத்திலும் உண்டு. அதன் அடிப்படைப் பாடநெறிகள் வாயிலாகப் பட்டப்படிப்பை அணுகலாம்.

எல்லாப் பயிற்சியும் ஒரு தொழிலாகாது என்பதையும் ஈண்டுக் கூறுதல் கடன். இரண்டு நாள் முதலுதவி வகுப்பு ஒரு தொழிற்றகைமைக்கு ஈடாகாது. பெரிய கோவையிலே அஃது ஓர் ஏடு. அது போலவே, 1998-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனம் பதிவு பெற்றிருத்தல், அந்நிறுவனம் நடத்தும் பயிற்சிக்குக் கல்வித்தகைமை அளிப்பதாகாது. பதிவு வேறு, பாடநெறியின் தரங்கண்டு அங்கீகரித்தல் வேறு. பயிற்சி நிலையங்களைப் பொறுத்தவரையிலும் ஆணைக்குழு இவ்விரண்டையும் தனித்தனியே செய்கின்றது. நிலையம் பதிவு பெற்றது என்னும் விளம்பரத்தைக் கண்டு, பாடநெறியும் அங்கீகாரம் பெற்றதெனக் கருதிப் பணத்தைச் செலுத்திவிட்டுப் பின்னர் வருந்துதல் வேண்டா.

இவ்வாறு வகுப்புக்கு வெளியே கற்றதை ஏற்றால் பட்டத்தின் மதிப்புக் குன்றாதோ எனச் சிலர் ஐயுறுவர். நியாயமான ஐயமே. ஆயின் மதிப்பைக் குறைப்பது வெளியிற் கற்றதன்று. தேராததைத் தேறியதாக எழுதுவதே. ஆபத்துதவிப் பயிற்சியிலே இது மற்றெதனிலும் முக்கியம். ஏனெனில் இங்கே பிழை உயிரோடு விளையாடும். ஓர் உதாரணம் கூறுவோம். இதயம் நின்றவருக்கு மூச்சுவழியைச் சீர்செய்து, மூச்சளித்து, அதன்பின்னரே மார்பை அழுத்துமாறு முன்னர்க் கற்பித்தனர். அமெரிக்க இதயச் சங்கம் 2010-ஆம் ஆண்டிலே அவ்வரிசையை மாற்றி, மார்பை அழுத்துதலையே முதலில் வைத்தது. அவ்வாறிருந்தும், நீரில் மூழ்கி மூச்சற்றவருக்கு மூச்சளித்தலே முந்துதல் வேண்டும். அவரது உடல் முதலில் இழந்தது மூச்சை ஆதலின். 2010-ஆம் ஆண்டுக்கு முன் பெற்ற பத்திரத்தை மட்டும் வைத்திருப்பவர் பழைய வரிசையையே செய்வர். புதிய வரிசையை மனனம் மட்டும் செய்தவர் கடற்கரையிலே தவறுவர். காரணத்தை உணர்ந்தவரே இரண்டிடத்திலும் சரியானதைச் செய்வர். நல்ல மதிப்பீட்டாளர் தேடுவது இவ்வுணர்வையே. கல்லூரி அலகு வழங்க வேண்டியதும் இவ்வுணர்வுக்கேயன்றி, சுவரில் மாட்டிய பத்திரத்துக்கன்று.

இவ்விடயத்தை யாம் வெறுங் கல்வி விதியாக எழுதவில்லை. 1995-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் தம் வீடு வாசலை விட்டு வெளியேறியபோது, பள்ளிப்பிள்ளைகளின் புத்தகங்களோடு பெறுபேற்றுப் பத்திரங்களும் பலவாக அழிந்தன. போர் 2009-ஆம் ஆண்டில் முடியும்வரை, வடபகுதியின் இளைஞரும் யுவதிகளும் மருத்துவமனைத் தாழ்வாரங்களிலும், அகதி முகாம்களிலும், தொண்டர் குழுக்களிலும் காயங்கட்டவும், நோயாளரைத் தூக்கிச் செல்லவும், குடிநீரைத் தூய்தாக்கவும் கற்றனர். 2004-ஆம் ஆண்டு திசெம்பர் 26-ஆந் திகதி ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கையும் முல்லைத்தீவையும் அழித்தபோது, பிணங்களுக்கு நடுவே நின்று உயிருள்ளோரைத் தேடியவர் அவர்களுட் பலர். அவர்களுக்குப் பரீட்சை மண்டபம் வாய்க்கவில்லை. ஆயினும் கல்வி வாய்த்தது. பத்திரம் இல்லாமையாற் கல்வியும் இல்லை என்று கூறிவிடுதல் எளிது; நீதியன்று. 2016-ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களிற் தொடங்கி 2018-ஆம் ஆண்டில் வட மாகாணத்துக்கும் வந்த 1990 சுவசெரிய நோயாளர் காவுவண்டிச் சேவை, பயிற்சி பெற்ற ஆபத்துதவியாளரின் பணி எத்துணை உயர்ந்த தொழில் என்பதை வீடுதோறும் உணர்த்தியிருக்கின்றது.

கடல் கடந்து வாழும் நம்மவருக்கும் இது பொருந்தும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே காவற்பணி உரிமம் பெற விரும்புவோர், முதலுதவியும் அடங்கிய 40 மணி நேரப் பயிற்சியை முடித்துத் தேர்வெழுதுதல் வேண்டும். அப்பயிற்சி தானாக ஒரு கல்லூரிப் பாடமாகிவிடாது. ஆயினும் அந்நாட்டுக் கல்லூரிகளிலே முன்கற்றலை மதிப்பிடும் முறை உண்டு. பயிற்சியோடு பல்லாண்டு அனுபவமும் சேர்ந்தால், விண்ணப்பித்துப் பார்ப்பதற்குப் போதிய காரணமாகும். கேளாதவருக்கு எவரும் வலிந்து வந்து வழங்குவதில்லை.

ஆதலின் இப்பாதையிற் செல்ல விரும்பும் இளைஞருக்கு யாம் கூறுவன சில. சேர விரும்பும் கல்லூரி எந்தப் பயிற்சியை, எந்தப் பாடத்துக்கு, எத்தனை அலகுவரை ஏற்கும் என்பதைப் பணம் செலுத்துமுன்னரே எழுத்து மூலம் கேட்டறிக. பயிற்சிப் பத்திரத்தோடு பாடத்திட்டம், மணிக்கணக்கு, தேர்வுப் புள்ளி, பயிற்றுநரின் தகுதி என்பவற்றையும் சேர்த்து வைத்திடுக. பத்திரம் பெயரைச் சொல்லும், பாடத்திட்டமே பொருளைச் சொல்லும். பணி செய்த இடத்து மேலாளரிடம், செய்த வேலையை விவரமாகக் குறிக்கும் கடிதம் பெறுக. காலாவதியான முதலுதவிப் பத்திரத்தைப் புதுப்பித்திடுக. படிப்பின்றியே பட்டம் தருவோம் என்பாரை விட்டு விலகுக.

விழாக் கொண்டாடும் பழைய மாணவராகிய நமக்கும் இதிலே பங்குண்டு. நம்முள் மருத்துவர் உளர், பொறியியலாளர் உளர், அரசாங்க உத்தியோகத்தர் உளர், ஆசிரியர் பலர். சாரணராயும் மாணவர் படையினராயும் முதலுதவி கற்ற காலத்தை நாம் எவரும் மறந்திலோம். இளைஞனொருவன் தன் அனுபவத்தைக் கோவையாக்க அறியாது தயங்கும்போது, விண்ணப்பத்தை எழுதிக்கொடுக்கவும், உரிய அலுவலகத்துக்கு உடன் சென்று விசாரிக்கவும் நமக்கு ஒரு பிற்பகல் போதும். பெருநிதி வேண்டிய பணியன்று இது. வாயிலிற் காவல் நிற்பவன் ஒருநாள் அதே வாயிலால் மாணவனாய் உள்ளே செல்வானாயின், அதற்கென நாம் செலவிட்ட பிற்பகல் வீணானதென எவரும் கூறார்.