சிரிக்கவைத்த பெண்கள் – 7: தனக்கான வேடத்தைத் தானே எழுதியவர்

சென்ற வாரம் மனோரமாவைப் பார்த்தோம். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் ஜில் ஜில் ரமாமணியை யார் மறப்பார்? ஆனால் அந்தப் பாத்திரத்தைப் படைத்தவர் கொத்தமங்கலம் சுப்பு. திரைக்குக் கொண்டுவந்தவர் ஏ.பி.நாகராஜன். பிறர் எழுதித் தந்ததற்கு உயிர் கொடுத்தே மனோரமாவின் காலம் கழிந்தது. பேனாவையும் தன் கையிலேயே வைத்துக்கொண்ட ஒருவரை இந்த வாரம் பார்ப்போம்: அமெரிக்க நகைச்சுவை நடிகை மிண்டி கேலிங்.

முழுப்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். அப்பா சென்னையில் வளர்ந்த தமிழர், கட்டடக் கலைஞர். அம்மா வங்காளி, மகப்பேறு மருத்துவர். 1979-ல் அமெரிக்காவில் குடியேறினார்கள்; மிண்டி பிறந்ததும் அந்த ஆண்டுதான். மேடையில் அறிவிப்பாளர்கள் ‘சொக்கலிங்கம்’ வாயில் நுழையாமல் திணறினார்கள், சிலர் அதையே நையாண்டி செய்தார்கள். அதனால் பெயரைக் குறுக்கிக்கொண்டார்.

பெயரைக் குறுக்கினாலும் வேடங்கள் தேடி வந்துவிடவில்லை. கறுத்த, பூசினாற்போன்ற ஒரு இந்தியப் பெண்ணை மனதில் வைத்து அங்கே யாரும் எழுதவில்லை. தோழி பிரெண்டா விதர்ஸுடன் சேர்ந்து ‘மேட் அண்ட் பென்’ நாடகத்தைத் தானே எழுதினார். இரண்டு ஹாலிவுட் ஆண் நட்சத்திரங்களாக இரு பெண்களும் நடித்தார்கள். 2002-ல் நியூயார்க் விழாவில் அது பேசப்பட்டது. அதன் வழியாக ‘தி ஆபீஸ்’ தொடரின் எழுத்தாளர் குழுவில் இடம் கிடைத்தபோது அவருக்கு வயது 24. அந்தக் குழுவில் அவர் ஒருவரே பெண். கெல்லி கபூர் என்ற ஓயாத வாயாடியாக நடித்தபடியே எழுதவும் செய்தார். 2006-ல் அவர் எழுதிய ‘தீபாவளி’ அத்தியாயத்தில் கெல்லியின் பெற்றோராக வருபவர்கள் மிண்டியின் சொந்த அப்பா அம்மா!

2012-ல் அம்மா புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு தொடங்கிய ‘தி மிண்டி புராஜெக்ட்’ தொடரில் மிண்டி ஏற்றது மகப்பேறு மருத்துவர் வேடம். 2011-லும் 2015-லும் வந்த இரண்டு கட்டுரை நூல்களும் அமெரிக்காவில் நன்றாக விற்றன.

என்னை அதிகம் தொட்டது 2020-ல் லாங் பிஷருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடர். கலிபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பம். மகள் தேவிக்கு 15 வயது. அவளுடைய பள்ளிக் கச்சேரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா மோகன் மாரடைத்துச் சாகிறார். அந்த இழவிலிருந்துதான் சிரிப்பு கிளம்புகிறது. முதல் பருவத்தின் கடைசியில் அம்மா நளினியும் மகளும் ஒன்றுவிட்ட அக்காள் கமலாவும் மாலிபு கடலில் அஸ்தி கரைக்கிறார்கள். எங்கள் சதுரங்கப்பட்டினத்துக் கரையில் அஸ்தியோடு வந்து நிற்கும் குடும்பங்களைப் பார்த்துப் பழகியவள் நான். பேசத் தெரியாமல், சண்டையும் தீராமல் அலையில் கால் நனைய நிற்கும் அந்த நிலையை மிண்டி சரியாகப் பிடித்திருக்கிறார். அந்த வீட்டில் பேசப்படும் தமிழ் காதில் ஒட்டவில்லை என்பது உண்மை. ஆனால் நளினி மகளை அதட்டும் தோரணை இருக்கிறதே, அது அசல் நம் வீட்டு அம்மா. கல்பாக்கத்தில் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு வீடியோ அழைப்பில் பேத்தியோடு ஆங்கிலத்தில் தடுமாறும் பாட்டிகள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

தேவி வேடத்துக்குப் பெயர்பெற்ற நடிகையை அவர் தேடவில்லை. பொது அறிவிப்பு வெளியிட்டார். சுமார் 15,000 பேர் விண்ணப்பித்தார்கள். தேர்வானவர் கனடாவின் மிசிசாகாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன். தோழி சொல்லித்தான் அவருக்கு அந்த அறிவிப்பே தெரியும். அதற்கு முன் கேமரா முன் தொழில்முறையில் நின்றதில்லை. நான்கு பருவங்களையும் தாங்கி நின்றார். அவரது பெயரை யாரும் குறுக்கவில்லை. திரையில் முழுசாகவே வந்தது.

அடுத்த வாரம்: டி.ஏ.மதுரம்.

(தொடரும்)